பூட்டை வெட்டிய ஸ்பேனர் அக்கா

குழாய் வேலை முதலில் அவள் புருஷனுடையது. கல்யாணமான புதிதில் மனுஷர் காலையில் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜம்பமாகக் கிளம்புவார், சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். என்ன ஏது என்று துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அவருக்குக் கரப்பான் பூச்சி என்றால் உயிரே போய்விடும். குழாய் ஓடுகிற இடத்தில் கரப்பான் இல்லாமல் மயிலா இருக்கும்? ஒருநாள் யார் வீட்டிலோ பாத்திரத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டவர், விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்து, நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கத்தோடு வீடு வந்து சேர்ந்தார். பையைக் கீழே வைத்தார். இனி என்னால் ஆகாது என்றார். நாலு மாதம் அவர் கூடவே போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததில் அவளுக்கு வேலை அத்துப்படி. மறுநாள் அதே வீட்டுக்கு அவள் போய் வேலையை முடித்துக் கொடுத்தாள். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனார். இருபத்தாறு வருஷம் ஆகிறது, இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார், இன்னும் கரப்பானுக்குப் பயந்துகொண்டுதான் இருக்கிறார். இவள் ஸ்பேனர் அக்கா ஆகிவிட்டாள். சொந்தப் பெயர் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவள் கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். போட்டோவும் நம்பரும் போட்ட லைசென்ஸ் அட்டை. அந்த அட்டையைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். குழாய்க்காரி வாசலோடு நிற்கிறவள் இல்லை. குளியலறைக்குப் போவாள், படுக்கையறைச் சுவரைத் தட்டிப் பார்ப்பாள், பீரோவை நகர்த்தச் சொல்வாள். முன்பின் தெரியாத ஒருத்தியை நம்பி அத்தனையும் திறந்து காட்டுகிறார்கள் என்றால், அது அந்த அட்டை சொல்கிற வார்த்தையை நம்பித்தான். அது போனால் ஊரில் ஒரு வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது. அந்த அட்டைக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. ஒரு வீட்டில் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டம்மா தெருவுக்கு ஓடி வந்து யாராவது வாங்களேன் என்று கத்துவது கேட்டது. எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நுரையீரல் கெட்டுப்போய் ஒரு வருஷமாகப் படுக்கை. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். கரண்டில் ஓடுகிற மெஷின். கரண்டு போனால் கை கொடுக்க ஒரு சிலிண்டர் வைத்திருந்தார்கள், அது அன்றைக்கென்று பார்த்து நிரப்பப் போயிருந்தது.

ஸ்பேனர் அக்கா போய்ப் பார்த்தபோது வாத்தியாரின் அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கத்து மனைக்கும் இந்த வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர். பக்கத்து மனை மூன்று அடி மேடு. அங்கே மண்ணுக்குள் குழாய் வெடித்து, சுவரின் அடிக்கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பிளக் பாயிண்ட் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அதே சுவரில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இரண்டு விரல்கடை ஏறியது. மெயின் சுவிட்சை அணைத்தால் மெஷின் நின்றுவிடும், அணைக்காவிட்டால் பிளக் பாயிண்ட் முங்கித் தண்ணீரில் கரண்டு பாயும். வாத்தியார் பேச முடியாமல் இவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்த அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது, நாற்பது நிமிஷம் என்றார்கள். குடிநீர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் என்றார்கள். வேலை நாள், தெருவில் தூக்குவதற்கு ஒரு ஆம்பிளை கிடையாது.

பக்கத்து மனை ஒரு கண்ணாடிக்கடைக்காரரின் குடோன், வெடித்த குழாயை அடைக்கிற வால்வும் அதற்குள்ளேதான். ஆள் உயரத்துக்கு இரும்பு கேட், அதில் தேங்காய் அளவு பூட்டு. கேட்டில் எழுதியிருந்த நம்பருக்கு மூன்று தடவை போன் போட்டாள். கடைக்காரர் எடுக்கவில்லை. நாலாவது தடவை போடவில்லை. பையிலிருந்து ஆக்சா பிளேடை எடுத்து அறுக்க ஆரம்பித்தாள். அறுக்கும்போது பயமாகத்தான் இருந்தது, அதை அவளே சொல்வாள். கை மட்டும் நிற்கவில்லை.

உள்ளே போனால் வால்வுக் குழியின் மூடிமேலேயே கண்ணாடி அடுக்கி வைத்திருக்கிறார்கள். மரச்சட்டத்தில் சாய்த்த பெரிய பெரிய தகடுகள். எந்தப் புண்ணியவான் அடுக்கினானோ. ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆள் இல்லை, நேரமும் இல்லை. சட்டத்தைக் கடப்பாரையால் நெம்பி நகர்த்தினாள். முக்கால்வாசி நகர்ந்தது. மிச்சம் சரிந்தது. பதினோரு தகடு பொலபொலவென்று கொட்டியது. அவள் திரும்பிப் பார்க்காமல் மூடியைத் தூக்கிக் குழிக்குள் இறங்கி, வால்வைத் திருகினாள். தண்ணீர் நின்றது.

நின்றது என்று மூச்சுவிட்டுக் கையை எடுத்தால், வால்வு தானாகப் பின்னுக்குத் திரும்புகிறது. மரை தேய்ந்த கிழட்டு வால்வு. பிடித்துக்கொண்டே இருந்தால்தான் அடங்கும் என்று அடம்பிடித்தது. சரி, அப்படியே ஆகட்டும் என்று ஸ்பேனரை மாட்டி, அதன் காம்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கோலத்தில்தான், சரக்கு எடுக்க வந்த கண்ணாடிக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். கூடவே அவருடைய லோடுமேன். அறுத்த பூட்டு, உடைந்த கண்ணாடி, குழிக்குள் ஒரு பொம்பளை. அவர் நிலையில் யாராக இருந்தாலும் ரத்தம் கொதிக்கும்தான். ஆனால் அவள் வாத்தியார் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் இடத்தைவிட்டு முதலில் வெளியே போ என்பதையே நாலு விதமாகச் சொன்னார். கடைசியில் அவளைத் தூக்கி வெளியே விடும்படி லோடுமேனுக்கு உத்தரவு போட்டார். அந்த ஆள் வந்து தோளைப் பிடித்தான்.

"தம்பி, என்னைத் தூக்கறதுன்னா தூக்கு," என்றாள் ஸ்பேனர் அக்கா. "ஆனா இந்த ஸ்பேனரைப் பிடிக்க ஒரு ஆளை உக்கார வெச்சுட்டு அப்புறம் தூக்கு. நான் கையை விட்டா சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு உசிரு போயிடும்."

லோடுமேன் முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தோளிலிருந்து கையை எடுத்து, குழிக்குள் இறங்கி, ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். முதலாளி அவனையும் சேர்த்துத் திட்டினார். பதினைந்து நிமிஷம் இருவரும் திட்டு வாங்கிக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து வாத்தியாரை ஏற்றி, அந்த வீட்டு மெயின் சுவிட்சையும் அணைத்த பிறகுதான் கையை எடுத்தாள்.

வெளியே வருமுன் அவள் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். குழாய் வேலைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வால்வில் கை வைத்தால், யார் வைத்தது, எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டு எழுதி அதிலேயே கட்டிவிட வேண்டும். தெரியாமல் இன்னொருத்தர் வந்து திருப்பிவிடக் கூடாதே. இவள் அத்தனை அமர்க்களத்திலும் சீட்டு எழுதினாள். பெயர், லைசென்ஸ் நம்பர், போன் நம்பர், நேரம், "வால்வு தேய்ந்துவிட்டது, உடனே மாற்றவும்" என்று ஒரு யோசனை வேறு. பூட்டுக்கும் கண்ணாடிக்கும் தான் பொறுப்பு என்று கடைக்காரரிடம் வாயாலும் சொன்னாள். அவர் அந்தச் சீட்டை அவிழ்த்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் வழக்கு வந்தது. சீட்டில் இருந்த அதே பெயர், ஒரு எழுத்துப் பிசகாமல்.

அத்துமீறி நுழைந்தாள், பூட்டை உடைத்தாள், சரக்கை நாசம் பண்ணினாள் என்று வழக்கு. அதன் நகல் ஒன்று லைசென்ஸ் அலுவலகத்துக்கும் போனது. அவர்கள் கூப்பிட்டு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தீர்ப்பு வரட்டும், அத்துமீறல் என்று ஆகிவிட்டால் அட்டையை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வெறும் கழுத்தோடு வீட்டுக்கு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. அழுதாளா என்று கேட்டால், அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நாத்தனார் மகளுக்குப் போன் போட்டாள்.

நாத்தனார் மகள் வக்கீல். கறுப்புக் கோட்டுக்கு இன்னும் புதுத்துணி வாசம் போகவில்லை, ஆனால் படித்ததை மறக்காத பெண். அவள் அத்தையை உட்காரவைத்து விளக்கினாள். அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைத்தாலே அத்துமீறல்தான், ஒரு புல் நசுங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் ஒருவரால் இன்னொருவருக்கு வந்த நஷ்டத்தைப் பார்க்கிற தீங்கியல் சட்டத்தில் அவசியம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு உயிரையோ உடைமையையோ காப்பாற்ற வேறு வழியே இல்லை என்றால், அந்த நேரத்துக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் உள்ளே போகலாம். அது ஆபத்து கொடுக்கிற அனுமதி. ஆனால் அதிலும் ஒரு பிரிவு உண்டு. ஊரையே காப்பாற்றினால் உடைத்ததற்குப் பொறுப்பில்லை. ஒரு வீட்டைக் காப்பாற்றினால், போனது தப்பில்லை, உடைத்ததற்குக் கொடுக்க வேண்டும்.

"இதைத்தானே நான் குழியை விட்டு ஏறினதும் அந்தாள்கிட்ட சொன்னேன்," என்றாள் ஸ்பேனர் அக்கா. "இதுக்கா அஞ்சு வருஷம் படிச்ச?"

வழக்கு எடுக்கிற அன்று காலை, கோர்ட்டு வராந்தாவில் கடைக்காரரின் வக்கீல் ஒரு தாளோடு வந்தார். பெரிய மனுஷர், குரலில் தேன் ஒழுகியது. கண்ணாடிக்கு ஒரு காசு தர வேண்டாம், வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நாங்களே கடிதம் தருகிறோம் என்றார். தாளில் ஒரே ஒரு வாக்கியம். "நான் நுழைந்தது தவறு, இனி எக்காரணம் கொண்டும் அனுமதியின்றி அந்த இடத்தில் நுழைய மாட்டேன்." கையெழுத்துப் போட்டால் போதும். இந்த ஈவு இரக்கம் எங்கிருந்து வந்தது என்று நாத்தனார் மகள் குடைந்து கேட்டதில் அதுவும் தெரிந்தது. நுழைந்தது தவறு என்று அவள் எழுதிக் கொடுத்தால் கடைக்காரருக்கு இன்சூரன்ஸ் கிடைக்கும். சூழ்ச்சி எல்லாம் ஒன்றும் இல்லை. அவருக்கும் பதினோரு தகடு போயிருக்கிறது, பாவம்.

புருஷன் பஸ்ஸை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். போட்டுவிடு, போட்டுவிடு என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். நாத்தனார் மகளும் அரைமனதாக இருந்தாள். ஜெயிப்போம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நிச்சயம் என்று சொல்ல முடியாது அத்தை என்றாள். தோற்றால் அட்டை போய்விடும், கண்ணாடிக்கும் அழ வேண்டும். கையெழுத்துப் போட்டால் நாளைக்கே அட்டை கழுத்தில். ஸ்பேனர் அக்கா தாளை இரண்டு தடவை படித்தாள். பேனாவை வாங்கினாள். புருஷனுக்கு மூச்சு வந்தது.

"அந்த வால்வை மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

பெரிய வக்கீல் கட்சிக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் இல்லை என்று தலையாட்டினார்.

"வாத்தியார் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து அதே சுவத்தோரமா படுத்திருக்காரு. நாளைக்கே திரும்ப வெடிச்சா நான் என்ன பண்றது? எக்காரணம் கொண்டும்னு எழுதிக் குடுத்துட்டேன்னு கேட்டுக்கு வெளியில நின்னு வேடிக்கை பாக்கவா?" பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "அட்டை இல்லாம நான் உயிரோட இருந்துடுவேன். இதை எழுதிக் குடுத்துட்டு அந்த அட்டையை மாட்டிக்க என்னால முடியாது."

புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் பயம்தான், ஆனாலும் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

விசாரணையில் லோடுமேன் வந்து உள்ளதை உள்ளபடி சொன்னான். முதலாளி எதிரிலேயே சொன்னான், அதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். சீட்டு விஷயத்தை நாத்தனார் மகள் பிடித்துக்கொண்டாள். கெட்ட எண்ணத்தோடு ஒரு இடத்தில் நுழைகிறவள் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கட்டிவிட்டு வருவாளா என்று கேட்டாள். நீதிபதி அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பெரிய வக்கீல் எழுந்தார். இருபத்தாறு வருஷ அனுபவசாலி, அன்றைக்கு எல்லாவற்றையும் சரியாகச் செய்தீர்கள், அப்படித்தானே என்று நையாண்டியாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அந்தக் குழிக்குள் நடந்தது அவளுக்கும் வால்வுக்கும்தான் தெரியும்.

"இல்லைங்க," என்றாள். "ஒண்ணு தப்பாத்தான் செஞ்சேன்."

நாத்தனார் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்பேனர் அக்கா சொல்லிக்கொண்டே போனாள். அந்தத் தெருவில் போட்டிருப்பது பழைய கால வால்வு, இடப்பக்கம் திருப்பினால்தான் மூடும். இவள் நாள்தோறும் கை வைக்கிற வால்வெல்லாம் வலப்பக்கம் மூடுகிறவை. பழக்கதோஷத்தில் முதலில் வலப்பக்கம் திருப்பிவிட்டாள். தண்ணீர் நிற்பதற்குப் பதில் இன்னும் கூடியது. சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து மாற்றித் திருப்புவதற்குள் பத்துப் பதினைந்து நொடி போய்விட்டது. வேலை தெரியாதவள் செய்கிற தப்பு இல்லை அது, வேலை தெரிந்தவள் மட்டும் செய்கிற தப்பு.

பெரிய வக்கீல் விடுவாரா? ஆக, உங்களால்தான் ஆபத்து அதிகமானது என்று பிடித்துக்கொண்டார். நீதிபதி அம்மாள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத ஒன்றை ஏன் சொன்னீர்கள் என்று அவளையே கேட்டார்.

"நான் உள்ள போனது சரின்னு நீங்க என் வார்த்தையை நம்பித்தானேம்மா சொல்லணும்," என்றாள் அவள். "அப்ப முழுசாத்தானே சொல்லணும்."

தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து வந்தது. உயிருக்கு ஆபத்து இருந்தது, வேறு வழி இல்லை, மூன்று தடவை கூப்பிட்டும் பார்த்திருக்கிறாள், ஆபத்து தீர்ந்ததும் வெளியே வந்துவிட்டாள். ஆகவே நுழைந்தது அத்துமீறல் ஆகாது. அவசரத்தில் ஒரு கணம் கை தவறியதால் அந்த உரிமை போய்விடாது. ஆபத்து இருக்கும்வரை அவளை வெளியேற்ற நிலத்துக்காரருக்கும் உரிமை கிடையாது. அவளை இழுத்து வெளியே விட்டிருந்தால் இன்று பிரதிவாதிக் கூண்டில் நிற்பவர் வேறு ஒருவராக இருந்திருப்பார். ஆனால் கடைக்காரர் ஒரு குற்றமும் செய்யாதவர், காப்பாற்றப்பட்டது ஒரு வீடு, அந்த நஷ்டத்தை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பூட்டுக்கும் பதினோரு தகட்டுக்கும் அவள்தான் கொடுக்க வேண்டும்.

கடைசி வரியைக் கேட்டதும் புருஷன் பெருமூச்சு விட்டார். அவள் அதற்கு முன்பே ஒரு வரியில் நின்றுவிட்டாள். அத்துமீறல் ஆகாது. அந்த இரண்டு வார்த்தையை நாத்தனார் மகளிடம் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், சந்தோஷத்தில் அவள் தோளில் ஓங்கி ஒரு அடியும் வைத்தாள். மறுநாள் அட்டை கழுத்துக்கு வந்தது. வாத்தியார் வீட்டம்மா கண்ணாடிப் பணத்தில் பாதி என்னுடையது என்று ஒற்றைக் காலில் நின்றார். ஸ்பேனர் அக்கா சரி என்றாள். வீண் வீம்பு அவளிடம் கிடையாது.

பணத்தை அவள் கையோடு கொண்டுபோய்க் குடோனில் கொடுத்தாள். கண்ணாடிக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார், ரசீதும் எழுதினார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, இவளும் எதிர்பார்க்கவில்லை. மூடிமேல் இருந்த கண்ணாடியெல்லாம் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. அவள் கிளம்பும்போது அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, புதுப் பூட்டின் இன்னொரு சாவியை எடுத்து நீட்டினார்.

"அடுத்த தடவை அறுக்க வேணாம்," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அவள் சாவியைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

"என்கிட்ட இருந்து என்னங்க பிரயோஜனம்? நான் ஊர்க்கோடியில இருக்கேன்," என்றாள். "தண்ணி வந்தா முதல்ல தெரியறது அந்த அம்மாவுக்குத்தான். அவங்க கையில குடுத்துடுங்க."

அவர் சாவியும் கையுமாக அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஒரே சுவர்தான் நடுவில், பதினெட்டு வருஷமாக அடுத்தடுத்து இருக்கிறார்கள், அந்த வீட்டுப் படியை அவர் ஒரு தடவைகூட மிதித்ததில்லை. நீங்களும் கூட வருகிறீர்களா என்று கேட்டார். இருவரும் போனார்கள். வாத்தியார் வீட்டுக் கதவு அகலத் திறந்துதான் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நெஞ்சோடு சாவியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.